பதிவாகாத வகுப்பு – இலவச இணையப் படிப்புகளை முன்வைத்து

1

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பால் ஃப்ரை என்ற பேராசிரியர் 2009ஆம் ஆண்டு இலக்கியக் கோட்பாடு குறித்து நடத்திய 26 வகுப்புகள் ஒளிப்பதிவு செய்யப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. காசு கேட்பதில்லை, பெயர் பதியச் சொல்வதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளை ஜெராக்ஸ் பிரதிகளில் வாசித்து ஃபூக்கோ, தெரிதா என்று தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் நான் இந்த வகுப்புகளைப் பார்த்தேன். ஆங்கிலம் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை நமக்கு மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகவும், யாரோ ஒருவர் இன்னொருவரைத் திட்டி எழுதிய கட்டுரையின் ஊடாகவுமே வந்து சேர்ந்த பெயர்கள், ஒரு வயதான மனிதரின் வாயில் சர்வசாதாரணமாக வந்துபோயின. பூதம் மாதிரித் தெரிந்ததெல்லாம் ஒரு வகுப்பறைப் பாடம்தான் என்று தெரிந்தபோது கிடைத்த விடுதலையைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

ஃப்ரை தன் கோட்பாடுகளை விளக்க ஒரு குழந்தைக் கதையை எடுத்துக்கொள்கிறார். டோனி என்ற இழுவை வண்டியின் கதை. பழுதான கார்களை இழுத்துப் போகும் வண்டி ஒருநாள் தானே நடுவழியில் மாட்டிக்கொள்கிறது. பருவம் முழுக்க, ஒவ்வொரு கோட்பாடாக அந்தக் கதையின்மேல் போட்டுப் பார்க்கிறார். நல்ல உத்திதான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அரிப்பெடுத்தது. இதே வேலையை நம் நல்லதங்காள் கதைமேல் செய்தால் என்ன ஆகும்? கதையாடல் பற்றிய அவருடைய சட்டகம் அங்கே நிற்குமா, உடையுமா? கேட்பதற்கு யாரும் இல்லை. திரையில் இருந்தவர் அடுத்த வாரப் பாடத்துக்குப் போய்விட்டார்.

யேல் மாணவர்களுக்கு அந்த உரைகள் மட்டுமே வகுப்பு இல்லை. உரைக்கு வெளியே அவர்கள் சிறுசிறு குழுக்களாக உதவி ஆசிரியர்களோடு உட்கார்ந்து விவாதிப்பார்கள், கட்டுரை எழுதுவார்கள், அதைத் திருத்தி வாங்குவார்கள். அந்த வகுப்பு பதிவில் இல்லை. அதை ஒளித்துவைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதைப் பதிவு செய்து தரவே முடியாது. எது பிரதியெடுக்கக்கூடியதோ அதுதான் இலவசமாகியிருக்கிறது. பிரதியெடுக்க முடியாதது பழையபடியே விலைக்குத்தான் இருக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

2

இலவச இணையக் கல்வி பற்றிய பெருங்கதையாடல் எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். 2001 ஏப்ரலில் எம்.ஐ.டி. தன் பாடப் பொருள்கள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. பலரும் கதையை இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2001 பிப்ரவரி 17 அன்று, சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டுவிட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். சங்க இலக்கியத்தை உரைகளோடு எவரும் இலவசமாக வாசிக்கும்படி அதன் மின்நூலகம் திறந்து வைத்தது. ‘நாங்கள்தான் முதலில்’ என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மையத்தில் நடப்பது ‘உலக நிகழ்வு’ ஆகிறது, விளிம்பில் நடப்பது ‘வட்டார முயற்சி’ ஆகிறது. உலகளாவிய கல்வி என்னும் சொல்லாடலுக்குள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

2008இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் இருவரும் ஒரு படிப்பை நடத்தினார்கள். கட்டணம் கட்டியவர்கள் 25 பேர். கட்டாமல் இணையத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். ‘மூக்’ என்ற பெயர் இந்தப் படிப்பை ஒட்டித்தான் பிறந்தது. பெருந்திரள், திறந்த, இணையவழிப் படிப்பு என்பது அதன் விரிவு. இதில் பாடத்தை ஒருவர் ஊட்டவில்லை. சேர்ந்தவர்கள் அவரவர் இடத்தில் எழுதினார்கள், ஒருவர் எழுத்தை மற்றவர் கோத்துக்கொண்டு போனார்கள். குழப்பமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கற்பவர் அங்கே பேசும் தன்னிலையாக இருந்தார்.

மூன்றே வருடத்தில் பெயர் அப்படியே இருக்க, உள்ளடக்கம் தலைகீழானது. 2011 இலையுதிர்காலத்தில் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தங்கள் வகுப்பை இணையத்தில் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்ற எண் எல்லோருக்கும் போதையேற்றியது. 2012இல் யுடாசிட்டி, கோர்செரா என்ற நிறுவனங்களும், எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து நடத்திய எட்எக்ஸும் வந்தன. அந்த ஆண்டையே ‘மூக்குகளின் ஆண்டு’ என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

இந்த இடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று நமக்கு உதவுகிறது. ‘ஆசிரியர்’ என்ற சொல் எழுதுபவரையும் குறிக்கிறது, கற்பிப்பவரையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறுவேறு சொற்கள். ஃப்ரை தன் இரண்டாவது வகுப்பிலேயே ஆசிரியன் பற்றிய பார்த், ஃபூக்கோ விவாதத்தை எடுக்கிறார். பேச்சிலிருந்து பேசியவர் கழன்றுகொள்வது, அவர் பெயர் அந்தப் பேச்சின் மேல் முத்திரையாக ஒட்டிக்கொள்வது – நாம் மனப்பாடமாக ஒப்பிக்கிற விஷயம்தான். மூக்கில் நடந்ததும் இதுதான். கற்பிக்கிற ஆசிரியர் எழுதுகிற ஆசிரியராக மாற்றப்பட்டார். அவருடைய பேச்சு ஒரு பிரதியாகி, அவர் இல்லாத இடங்களிலெல்லாம் சுற்றுகிறது. அவர் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் சரக்கின் மேல் ஒட்டிய வில்லைகளாகின்றன. அப்படியானால் மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து ‘இந்த வாக்கியம் எனக்குப் புரியலப்பா, என்ன சொல்ல வர்றே?’ என்று கேட்கிற அந்த இன்னொரு ஆசிரியர் என்ன ஆனார்? அவர் பெயரற்றவர் ஆனார். இந்தப் பெருங்கதையாடலில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

3

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, எட்எக்ஸின் முதல் படிப்பு. மின்சுற்றுகள் பற்றிய அதை 2012இல் எம்.ஐ.டி.யின் அனந்த் அகர்வால் நடத்தினார். பதிந்தவர்கள் ஏறத்தாழ 1,55,000 பேர். தேறியவர்கள் 7,157 பேர். இவர்களில் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரைச் சேர்ந்த 15 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் முழு மதிப்பெண் வாங்கினார். பிறகு எம்.ஐ.டி.யிலேயே படிக்கவும் போனார். உலகம் பூரா இந்தக் கதை சொல்லப்பட்டது. எங்கோ ஒரு மூலையில் இருக்கும் மேதை, ஒரு கணினி, ஒரு இணைய இணைப்பு. வாசல் திறந்துவிட்டது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையில் பாதியை விட்டுவிட்டுத்தான் அதை எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பள்ளியின் முதல்வரே எம்.ஐ.டி.யில் படித்தவர். இந்தப் படிப்பைத் தன் மாணவர்களுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அமெரிக்காவிலிருந்து ஓர் இளம் ஆய்வு மாணவர் பெட்டிகளில் ஆய்வகக் கருவிகளோடு வந்து இறங்கி, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்முறை சொல்லிக்கொடுத்தார். ஆக, உலான்பாத்தரில் காணொளி மட்டும் இருக்கவில்லை. பதிவாகாத வகுப்பும் அங்கே இருந்தது.

இரண்டாவது, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிற அரசுப் பல்கலைக்கழகம் அது. 2012–13இல் அங்கே இரண்டு பரிசோதனைகள் நடந்தன. ஒன்றில், மேலே சொன்ன மின்சுற்றுப் படிப்பின் காணொளிகளை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வர, வகுப்பில் ஆசிரியர் கூட இருந்து கணக்குகளைப் போடவைத்தார். தேர்ச்சி 90 சதவீதத்தைத் தாண்டியது. அங்கே வழக்கமான வகுப்புகளில் அது 60ஐ எட்டியதில்லை. இன்னொன்றில், யுடாசிட்டியோடு சேர்ந்து 150 டாலர் கட்டணத்தில் அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் மூன்றையும் முழுக்க இணையத்திலேயே நடத்தினார்கள். நேர் வகுப்புகளைவிடத் தேர்ச்சி வெகுவாகக் குறைந்தது. 2013 ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். இரண்டிலும் இருந்த மாணவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. முதலாவதில் இருந்தவர்கள் பொறியியல் மாணவர்கள். இரண்டாவதில் ஏற்கனவே கணக்கில் தோற்றவர்களும், வசதியற்ற பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். எனவே இதை ஒரு நேர்த்தியான ஒப்பீடாகக் கொள்ள முடியாது. ஆனால் யாருக்கு ஆசிரியரின் அருகாமை அதிகம் தேவையோ அவர்களிடமிருந்துதான் அது முதலில் பிடுங்கப்பட்டது. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்க வேண்டியதில்லை.

இதே பல்கலைக்கழகத்தின் தத்துவத்துறை ஆசிரியர்கள் 2013 ஏப்ரல் இறுதியில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்தும் ‘நீதி’ பற்றிய புகழ்பெற்ற படிப்பை எட்எக்ஸ் வழியாக வாங்கிப் பயன்படுத்தச் சொல்லி அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்காமல் சாண்டலுக்கே எழுதினார்கள். வசதியுள்ள பல்கலைக்கழகங்களில் உண்மையான பேராசிரியரும், வசதியற்ற பல்கலைக்கழகங்களில் அவருடைய காணொளியும் என்று இரண்டு வர்க்கமாகக் கல்வி பிரிந்துபோகும் என்பது அவர்கள் வாதம். நாடு முழுக்க எல்லாத் தத்துவத்துறைகளிலும் நீதி பற்றி ஒரே ஒரு குரல் ஒலிப்பதென்பது அவர்களுக்கு அச்சமூட்டியது. தங்கள் பணத்தைக் கொண்டு தங்கள் இடத்தையே காலிசெய்யும் ஏற்பாடு இது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இன்னொரு நுட்பமான விஷயமும் அதில் இருந்தது. சாண்டலின் காணொளியில் அரங்கம் நிறைய ஹார்வர்ட் மாணவர்கள் அவரோடு விவாதிப்பார்கள். சான் ஹோசே மாணவர்கள் அதைப் பார்ப்பார்கள். ஒரு சாரார் நீதி பற்றி விவாதிக்க, இன்னொரு சாரார் அந்த விவாதத்தை வேடிக்கை பார்க்க. நீதி பற்றிய படிப்பிலேயே இப்படி! சகாக்களின் இடத்தைப் பறிக்கத் தன் உரைகள் பயன்படுவதைத் தான் விரும்பவில்லை என்று சாண்டல் பதில் சொன்னார். அவருடைய நல்ல மனசில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிரதி கையைவிட்டுப் போனபின் ஆசிரியனின் விருப்பத்துக்கு என்ன மரியாதை?

4

இந்தப் படிப்புகளை விமர்சிப்பவர்கள் வழக்கமாகத் தூக்கும் ஆயுதம், முடித்தோர் விகிதம். எம்.ஐ.டி., ஹார்வர்ட் படிப்புகளில் 2017–18இல் பதிந்தவர்களில் 3.13 சதவீதத்தினரே முடித்தார்கள் என்று ஜஸ்டின் ரைக்கும் ருய்பெரெஸ்-வலியெந்தேயும் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நூற்றுக்கு மூன்று. ஆனால் இந்த ஆயுதத்தைக் கையிலெடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களில் எத்தனையை முடித்தாய் என்று என்னை யாராவது கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? இந்தப் பத்திரிகையைக் கடைசிப் பக்கம்வரை படிப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? ‘முடித்தல்’ என்பது பட்டத்தின் தர்க்கம். நாலு வகுப்பு பார்த்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்ப்பது வாசிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் செய்கிற காரியம்.

கேட்க வேண்டியது வேறு கேள்வி. யார் உள்ளே வந்தார்கள்? கோர்செராவில் தாங்கள் நடத்திய படிப்புகளில் சேர்ந்தவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் எடுத்த கணக்கெடுப்பு 2013இல் வெளியானது. 83 சதவீதத்தினர் ஏற்கனவே ஏதோவொரு உயர்கல்வித் தகுதி பெற்றவர்கள். இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, தென்னாப்பிரிக்கா நாடுகளிலிருந்து சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் அந்நாடுகளின் மக்கள்தொகையில் உச்சியில் இருக்கும் 6 சதவீதத்திலிருந்து வந்தவர்கள். வாசல் திறந்துதான் இருந்தது. வாசல்வரை வந்துசேர வண்டி வைத்திருந்தவர்கள் உள்ளே போனார்கள். வாசலும் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. 2014 ஜனவரியில் அமெரிக்கப் பொருளாதாரத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், கியூபா, சூடான் மாணவர்களை கோர்செரா தடுத்தது. ‘உலகம்’ என்பது யாருடைய வரைபடம் என்பது அப்போது தெரிந்துபோயிற்று.

அடுத்து, இலவசம் என்ற சொல். எட்எக்ஸ் தொடக்கத்தில் முடித்தவர்களுக்கு இலவசச் சான்றிதழ் கொடுத்தது. 2015 முடிவோடு அது நின்றது. உரை இலவசம், சான்றிதழ் காசுக்கு என்றானது. 2021இல் எட்எக்ஸே 80 கோடி டாலருக்கு 2யு என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. லாபநோக்கற்றது என்று சொல்லித் தொடங்கிய அமைப்பு அது. வாங்கிய நிறுவனம் 2024 ஜூலையில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போயிற்று. அறிவைப் பொதுவில் வைக்கிறோம் என்று கிளம்பியது ஒரு கடன்கணக்கின் வரியாக முடிந்த இந்தப் பயணத்தைத் தனிநபர்களின் பேராசை என்று விளக்கினால் போதாது. உரையைப் பிரதியெடுக்க ஏறத்தாழச் செலவே இல்லை, எனவே அதை விற்க முடியாது. விற்கக்கூடியதாக மிஞ்சியது அங்கீகாரம் மட்டுமே. பள்ளி, மருத்துவமனை, படைமுகாம் எங்கும் மனிதரை அளந்து வகைப்படுத்துகிற கருவியாகத் தேர்வை ஃபூக்கோ காட்டினார். இங்கே கற்பித்தல் சந்தையை விட்டு வெளியேறிய பின்னும் தேர்வு சந்தையிலேயே நிற்கிறது.

இவான் இல்லிச் 1971இல் பள்ளி ஒழிந்த சமூகம் பற்றி எழுதியபோது கற்றல் வலைகள் என்று நான்கைச் சொன்னார். கற்பதற்கான பொருள்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும். திறன் உள்ளவரைத் திறன் வேண்டுபவர் கண்டுபிடிக்க வழி வேண்டும். ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ள இருவரைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு வேண்டும் – இதற்குக் கணினியைப் பயன்படுத்தலாம் என்று அப்போதே எழுதினார். வழிகாட்டும் மூத்தவர்களை அணுகும் வழி வேண்டும். இந்த நான்கில் முதலாவதை மட்டும் பிரமாண்டமாகச் செய்துவிட்டு, நான்கும் செய்தாகிவிட்டது என்று பறைசாற்றியதுதான் 2012இன் உற்சாகம். பாவ்லோ ப்ரெய்ரே கண்டித்த வங்கிமுறைக் கல்வி, அதாவது போட்டு வைக்கிறவர் ஒருவர், வாங்கி வைத்துக்கொள்கிறவர் மற்றவர் என்ற முறை, ஒரே சமயத்தில் ஒரு லட்சம் கணக்குகளில் வரவு வைக்கும் வசதியைப் பெற்றது.

இல்லிச்வரை போவானேன்? நம் நன்னூல் பொதுப்பாயிரமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் வருவது காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரைப்பங்கு. ஒரு முறைக்கு இரண்டு முறை, மூன்று முறை கேட்பதன் பயனையும் பவணந்தி சொல்கிறார். காணொளி அதை அருமையாகச் செய்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். ஆனால் அது அந்த முதல் காற்பங்குக்குள்ளேதான். பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாணாக்கராகத் தகாதவர் என்று அதே பாயிரம் ஒரு பட்டியலும் போடுகிறது. நோயாளியும் மந்தமானவனும் அதில் உண்டு. ஆசான் அருகில் இருந்த காலத்தில் யார் யாரை அருகில் சேர்த்தார்கள் என்ற கேள்வியை மறந்துவிட்டு நாம் அருகாமையைப் புகழ முடியாது. காணொளி எவரையும் தகாதவர் என்று சொல்வதில்லை. அது யாரையும் ‘நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்பதில்லை. வகுப்பறையில் அவமானப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அவமானப்படாதவர்களுக்குத் தெரியாது.

5

இனி நம் ஊர். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டம், மூக் என்ற பெயரே இல்லாத காலத்தியது. ஐ.ஐ.டி.யின் சுவருக்கு உள்ளே மட்டும் ஒலித்த வகுப்புகள் வெளியே வந்தன. நல்ல ஆசிரியர் கிடைக்காத எத்தனையோ பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளைக் கரையேற்றியதில் அதற்குப் பங்குண்டு. 2017 ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் வந்தது. படிப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம். ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம்வரை இதன்வழி படிக்கலாம் என்று 2016இல் விதி செய்த பல்கலைக்கழக மானியக்குழு, 2021இல் அதை 40 சதவீதம்வரை உயர்த்தியது.

நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளன். கௌரவம் பெயரில் இருக்கிறது. இப்படி எழுதுவது உன் வயிற்றுப்பாட்டுக்குத்தானே என்று யாராவது சொல்லலாம். ஆமாம், அதுவும் உண்டு. சான் ஹோசே ஆசிரியர்களின் கடிதத்தை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது நிம்மதி. நிரந்தர வேலையில் இருக்கிறவர்களுக்கே இந்தப் பயம் இருக்கிறதே என்று. 40 சதவீதம் என்ற எண்ணைப் பார்க்கும்போது எத்தனை பணியிடங்கள் நிரப்பப்படாமல் போக இது ஒரு சாக்காகும் என்றுதான் என் மனம் கணக்குப் போடுகிறது.

அங்கே என்னையும் இணையப் படிப்புகளுக்கு ‘மென்ட்டார்’ ஆக்கினார்கள். வேலை என்ன? யார் யார் பதிந்தார்கள், யார் யார் தேர்வுக்குக் கட்டணம் கட்டினார்கள் என்று பட்டியல் எடுப்பது. ‘ஐயா, அசைன்மென்ட் ஆன்சர் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல வந்துரும், நீங்க கவலப்படாதீங்க’ என்று எனக்கு ஆறுதல் சொன்னான் ஒரு பையன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. யாரும் படிக்கப்போகாத விடையை அவன் ஏன் எழுத வேண்டும்? விடையை எந்திரம் திருத்துகிறது, எந்திரத்துக்கு ஏற்ற விடையை எந்திரத்திடமிருந்தே வாங்கி எந்திரத்திடம் கொடுக்கிறான். சமன்பாடு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. மொழியியல் படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்த மாணவி ஒருவர், பட்டியலுக்காக இல்லாமல், ஒரு நோட்டோடு வந்தார். ‘ஐயா, இங்கிலீஷ்ல ‘ப’ மாதிரி வர்ற எழுத்து ஒரே எழுத்துதான், ஆனா ரெண்டு விதமா ஒலிக்குதுன்னு அந்த சார் சொல்றார். நம்ம ‘க’வும் அப்படித்தானே இருக்கு? கல்லுன்னு சொன்னா ஒரு மாதிரி, தங்கம்னா ஒரு மாதிரி, மகன்னா இன்னொரு மாதிரி. அதுவும் இதுவும் ஒண்ணா ஐயா?’

ஒலியன், மாற்றொலி என்று நான் எம்.ஏ.வில் மனப்பாடம் செய்து எழுதிய எதுவும் எனக்கு அதுவரை இப்படி உயிரோடு எதிரில் வந்து நின்றதில்லை. ஒன்றுதானம்மா என்றேன். இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. ‘அப்ப ஏன் நமக்கு அது வேற வேறயாக் கேக்கவே மாட்டேங்குது?’ என்றார். அன்றைக்கு மாலை ஒரு மணி நேரம் போனது. வீட்டுக்குப் போய் நான் மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் காணொளி இல்லாமல் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. இதை நான் மறைக்கக்கூடாது. என் வகுப்பில் நான் அதைச் சொல்லித்தந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குக் காணொளியில் இடமில்லை. ஆங்கில உதாரணத்திலிருந்து தன் நாக்குக்கு அவர் தாண்டிய அந்தத் தாவல் எந்தக் கணக்கிலும் பதிவாகவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்குச் சம்பளமும் இல்லை.

6

அந்தக் காலி நாற்காலியில் இப்போது செயற்கை நுண்ணறிவை உட்காரவைக்கிறார்கள். 2023 முதல் கான் அகாதமி, கோர்செரா எல்லாம் உரையாடும் எந்திர ஆசானைக் கொண்டுவந்துவிட்டன. அந்த மாணவியின் கேள்விக்கு அது என்னைவிடச் சரியாகவேகூடப் பதில் சொல்லலாம். இதை மறுத்துப் பேசுவது வீம்பு. ஆனால் அவர் கேள்வியால் நான் மாறினேன். அடுத்த வாரம் என் வகுப்பை வேறு மாதிரி எடுத்தேன். கேட்டவரும் கேட்கப்பட்டவரும் சேர்ந்து இடம்பெயர்வதைத்தான் கல்வி என்கிறோம் என்றால், அந்த இடப்பெயர்ச்சி எந்த எந்திரத்தின் பொறுப்பு?

எனவே இலவச இணையப் படிப்பு நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றக் கேள்வியை விட்டுவிடலாம். உலான்பாத்தரிலும், சான் ஹோசேயின் ஒரு வகுப்பறையிலும், பிரதியோடு ஒரு மனிதர் சேர்ந்தபோது அது வேலை செய்தது. அதே சான் ஹோசேயில் மனிதருக்குப் பதிலாகப் பிரதி வந்தபோது அது தோற்றது. நம் தமிழ் இணையப் பல்கலைக்கழகம்கூட வெளிநாடுகளில் தொடர்பு மையங்களை வைத்துத்தான் நடந்தது. ஆக, ஒரு கல்லூரி இணையப் படிப்பைக் கொண்டுவரும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் காற்பங்கை வாங்கிக்கொண்டு மீதி முக்காற்பங்குக்கு ஆள் போடுகிறீர்களா, இல்லை, இருக்கிற ஆளை எடுக்கிறீர்களா? மாணவரின் ஒரு பக்க விடையை வாசிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் இந்தப் படிப்புகள் வரட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும். கொடுக்காத இடத்தில் இலவசம் என்ற சொல்லுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

நல்லதங்காள் பற்றிய என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஃப்ரையிடம் கேட்க முடியாது. இதை வாசிப்பவர்களில் யாராவது எழுதினால் விவாதிக்கலாம்.